இயேசு பிறந்துவிட்டாரே, பிறகு எதற்குக் காத்திருக்க வேண்டும்? (திருவருகைக் காலம்)

தெற்குவாடி மகள் | நவம்பர் 30, 2025, இரவு 8.40

எல்லாருக்கும் இயேசுவுக்கே புகழ். டிட்வா புயலால் எங்கள் பாம்பனில் பல நாளாக யாரும் கடலுக்குப் போகவில்லை. துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள். படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரமான திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு இன்று என்பதால் மழையோடு மழையாகப் பூசைக்குப் போய் வந்தோம்.

திரும்பி வரும்போது மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் குடைக்குள்ளிருந்து கேட்டாள்: "அம்மா, இயேசு ஏற்கெனவே பொறந்துட்டார்ல, அப்புறம் எதுக்கு அவருக்காகக் காத்திருக்கணும்?" பிறந்தநாள் வருஷா வருஷம் வருகிற மாதிரிதான் என்று சொன்னேன். "அப்ப கேக் வெட்டுனா போதுமே, சாமியார் ஏன் ஊதா உடுப்புப் போடுறாரு?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

அவளுக்கு மட்டும் இல்லை, எனக்கே இது தெரிய வேண்டியிருக்கிறது. என் டிசம்பர் எப்படிப் போகிறது என்று நினைத்துப் பார்த்தேன். நட்சத்திரம் கட்டுவது, வீட்டுக்கு வெள்ளையடிப்பது, பிள்ளைகளுக்குத் துணி எடுக்கக் கடன், அச்சுமுறுக்கு, அதிரசம், கரோல் வருகிறவர்களுக்குக் காப்பி. 24 இரவுப் பூசையில் பாலனைக் குடிலில் வைக்கும்போது எனக்குத் தூக்கம் கண்ணைச் சொக்குகிறது. இந்த நான்கு வாரத்தை நீங்கள் வீட்டில் எப்படி வாழ்கிறீர்கள்? பிரசங்கமாக வேண்டாம், செய்வதைச் சொல்லுங்கள்.

உபதேசியார் பேரன் | நவம்பர் 30, இரவு 9.25

உங்கள் மகளுக்கு முதலில் ஒரு பாராட்டு. மறைக்கல்வி வகுப்பில் பெரிய பிள்ளைகளே இதைக் கேட்பதில்லை.

12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெர்னார்து மூன்று வருகைகளைச் சொன்னார். ஒன்று பெத்லகேமில் நடந்தது. இன்னொன்று உலக முடிவில் நடக்கப்போவது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வருகை உண்டு, அது கண்ணுக்குத் தெரியாது, அன்றாடம் மனிதருடைய உள்ளத்தில் நடப்பது. பிறந்தநாள் என்று நீங்கள் சொன்னது முதலாவதற்குப் பொருந்தும். மற்ற இரண்டும் இன்னும் முடியவில்லை. காத்திருப்பது அவற்றுக்காகத்தான்.

ஊதா நிறம் மனம் திரும்புவதற்கு அடையாளம். பூசையில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடலைப் பாடாமல் விட்டதையும் கவனித்திருப்பீர்கள். அது பெத்லகேமில் வானதூதர் பாடியது. நான்கு வாரம் அதை வாயில் வைக்காமல் இருந்து, பாலன் பிறக்கும் இரவில் புதிதாகப் பாடுகிறோம். அல்லேலூயாவை மட்டும் விடுவதில்லை. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துக்கும் இதற்கும் அங்கேதான் வித்தியாசம்: இங்கே நோன்புக்குள்ளேயே ஒரு மகிழ்ச்சி இருக்கிறது.

இன்றைய நற்செய்தியில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. நோவா காலத்தில் மக்கள் உண்டார்கள், குடித்தார்கள், பெண் கொண்டார்கள், பெண் கொடுத்தார்கள் என்று இயேசு சொல்கிறார். இதில் ஒன்றுகூடப் பாவம் இல்லை. வெள்ளம் வரும்வரை அவர்கள் எதையும் அறியாதிருந்தார்கள், அதுதான் குற்றம். நீங்கள் சொன்ன அச்சுமுறுக்கும் வெள்ளையடிப்பும் அப்படித்தான். அவை தவறில்லை, ஆனால் அவற்றுக்குள் ஆள் காணாமல் போகக் கூடாது.

அப்புறம் ஒரு சிறு செய்தி. நவம்பர் 30, மீனவராயிருந்து இயேசுவின் சீடரான புனித அந்திரேயாவின் நாள். அந்த நாளுக்கு மிக அருகில் வரும் ஞாயிறுதான் திருவருகையின் முதல் ஞாயிறு. இந்த ஆண்டு இரண்டும் ஒரே நாளில் விழுந்திருக்கின்றன. நம் காலக்கணக்கே ஒரு மீனவரை ஒட்டித்தான் தொடங்குகிறது.

வடகடல் | டிசம்பர் 1, காலை 6.10

எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. சொல்லிவிடுகிறேன், யாரும் தப்பாக எடுக்க வேண்டாம்.

வருஷா வருஷம் முதல் ஞாயிறு பிரசங்கத்தில் ஒரே உதாரணம்: "கடலுக்குப் போன கணவனுக்காகக் கரையில் காத்திருக்கும் மனைவியைப் போல ஆண்டவருக்காகக் காத்திருங்கள்." என் வீட்டுக்காரிக்கு இதைக் கேட்டாலே ஆகாது. நான் விசைப்படகில் 19 வருஷம் தொழில் செய்கிறேன். பக்கத்துப் படகு வந்து, எங்கள் படகு வராத காலையில் அவள் எப்படி இருந்தாள் என்று எனக்குத் தெரியும். உலையில் அரிசி போடவே இல்லை. வந்தால் எத்தனை பேருக்கு ஆக்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாளாம். அது காத்திருப்பு இல்லை, பயம். ஆண்டவர் வருகையை அதோடு ஒப்பிட்டால் வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொன்று. நாங்கள் சனிக்கிழமை போய் ஞாயிறு காலையில் கரை சேருகிறோம். முதல் பூசைக்கு மணி அடிக்கும்போது நான் இறாலும் சங்காயமும் (கழிவுப் பொடிமீன்) பிரித்துக்கொண்டிருப்பேன். நான்கு ஞாயிற்றில் குறைந்தது இரண்டு எனக்குப் போய்விடும். என் மாதிரி ஆளுக்குத் திருவருகைக் காலம் எங்கே இருக்கிறது?

உபதேசியார் பேரன் | டிசம்பர் 1, காலை 7.30

அண்ணன், அந்த உதாரணத்தை நானும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இனிச் சொல்ல மாட்டேன். நீங்கள் சொல்வது சரி. படகு வருமா வராதா என்பது தெரியாது, ஆண்டவர் வருவது உறுதி. தெரியாதது நாளும் நேரமும் மட்டும்தான். இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

தனுஷ்கோடி வம்சம் | டிசம்பர் 2, மதியம் 1.15

வடகடல் அண்ணன் எழுதியதை எங்கள் அம்மாச்சியிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்கு இப்போது 75 வயது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணு இல்லதான். ஆனா ரெண்டையும் ஒரே நெஞ்சுலதான வச்சிருக்கோம்" என்றார். அவர் கதையைச் சொல்கிறேன்.

1964 டிசம்பர் 22 இரவு. திருவருகைக் காலத்தின் கடைசி வாரம். அம்மாச்சிக்கு அப்போது 14 வயது, தனுஷ்கோடியில் இருந்தார்கள். குடிலுக்குப் பனையோலை வெட்டிக் காயவைத்திருந்தார்கள். நட்சத்திரத்துக்கு மூங்கில் சீவிக் கட்டியாயிற்று, தாள் மட்டும் ஒட்டவில்லை. நள்ளிரவில் கடல் ஊருக்குள் வந்தது. பயணிகளோடு வந்த ரயிலையே கொண்டுபோன புயல் அது. அம்மாச்சியின் அப்பா திரும்பி வரவில்லை. பவளப்பாறைக் கல்லில் கட்டிய கோயில் இன்று கூரை இல்லாமல் நிற்கிறதே, சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுக்கிறார்களே, அம்மாச்சி புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கியது அதில்தான்.

24 இரவு, தப்பி வந்தவர்களெல்லாம் ராமேஸ்வரத்தில் ஓரிடத்தில் ஒதுங்கியிருந்தார்கள். யாரோ ஒரு பெரியவர் செபமாலை தொடங்கினார். வியாழக்கிழமை, அதனால் அந்தக் காலத்து வழக்கப்படி சந்தோஷ தேவரகசியம், அதாவது செபமாலையில் தியானிக்கும் ஐந்து மகிழ்ச்சி நிகழ்வுகள். முதலாவது, மரியாளுக்கு வானதூதர் மங்கள வார்த்தை சொன்னது. இரண்டாவது, எலிசபெத்தைச் சந்தித்தது. மூன்றாவது, இயேசு பாலன் பிறந்தது. அந்த வார்த்தையைச் சொன்னதும் ஒரு பெண் வாய்விட்டு அழுதாளாம். அவள் கைக்குழந்தை போயிருந்தது. அதோடு செபமாலை நின்றுவிட்டது. யாரும் அதை முடிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு டிசம்பர் 22 இரவும் அம்மாச்சி ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, மூன்றாவது தேவரகசியத்திலிருந்து தொடங்கிச் செபமாலையை முடிப்பார். முதல் இரண்டைச் சொல்ல மாட்டார். "அது அன்னைக்கே சொல்லியாச்சு" என்பார். 61 வருஷம் ஆகப்போகிறது. எங்கள் வீட்டில் திருவருகைக் காலம் என்றால் இதுதான், இதற்கு மேல் எனக்கு விளக்கத் தெரியவில்லை.

தெற்குவாடி மகள் | டிசம்பர் 2, இரவு 9.00

இதை வாசித்துவிட்டு வேலை ஓடவில்லை. அம்மாச்சிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பனையோலை | டிசம்பர் 4, மாலை 5.50

நான் சி.எஸ்.ஐ. சபை, ராமநாதபுரம். எங்களுக்கும் இது அட்வென்ட் காலம்தான், உள்ளே வரலாம் அல்லவா?

மகளுக்கு ஏதாவது கையில் கொடுத்தால் புரியும் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் மெழுகுவர்த்தி வளையம் வைப்போம். அது எப்படி வந்தது தெரியுமா? 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிச் விச்செர்ன் என்ற லுத்தரன் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்காக ஒரு இல்லம் நடத்திவந்தார். "கிறிஸ்துமஸ் எப்ப வரும், எப்ப வரும்" என்று பிள்ளைகள் தினமும் நச்சரித்தார்கள். அவர் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, வாரநாளுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்தியும் ஞாயிறுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்தியும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். அதுவும் ஒரு பிள்ளையின் கேள்வியில்தான் தொடங்கியது.

எங்கள் வீட்டில் சக்கரமும் இல்லை, ஊசியிலையும் இல்லை. பனையோலையை முறுக்கி வட்டமாகக் கட்டி, நான்கு அகல் விளக்கு வைக்கிறேன். நேற்றுக் கார்த்திகை தீபம், அதற்கு முந்தின நாளே தெருவில் மண் அகல் குவித்து விற்கிறவரிடம் வாங்கிவிட்டேன். வருஷா வருஷம் அவரிடம்தான் வாங்குவேன், "உங்களுக்கு நாலுதானம்மா?" என்று அவரே எடுத்துவைப்பார். மூன்றாம் ஞாயிறு அகலுக்கு மட்டும் ரோஸ் நிறத் துணித்திரி. அன்று மகிழ்ச்சி ஞாயிறு, உங்கள் கோயில்களிலும் ரோஸ் உடுப்பு இருக்குமே.

ஒரு அகல் எரியும்போது அறையில் இருட்டுதான் அதிகம். நான்காவது வாரம் பிள்ளைகளின் முகம் தெரியும். நான் வாய் திறந்து எதையும் விளக்குவதில்லை.

நண்டுக்கடை | டிசம்பர் 8, காலை 11.20

நான் இங்கே அதிகம் எழுதுகிறவன் இல்லை. நேற்று இரண்டாம் ஞாயிறு, நற்செய்தி வாசகத்தில் திருமுழுக்கு யோவான் வந்துவிட்டார், அதனால் எழுதுகிறேன். மனம் மாறியதைச் செயலில் காட்டுங்கள் என்று அவர் சொன்னது என்னைத் தூங்கவிடவில்லை.

கடலோரத்தில் நண்டு எடுக்கிற வியாபாரம் எனக்கு. போன வருஷம் மூன்றாம் ஞாயிறு லூக்கா நற்செய்தி வாசித்தார்கள். மக்கள் யோவானிடம், "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் அவரவர் தொழிலை வைத்தே பதில் சொல்கிறார். வரி தண்டுகிறவரிடம், குறித்ததற்கு மேல் தண்டாதே. படைவீரரிடம், மிரட்டிப் பணம் பறிக்காதே, கிடைக்கிற சம்பளம் போதும் என்றிரு. யாரையும் தொழிலை விட்டுவிட்டுப் பாலைவனத்துக்கு வா என்று சொல்லவில்லை. கோயிலில் உட்கார்ந்து நான் யோசித்தேன்: நண்டு வியாபாரி போய்க் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

பதில் எனக்குத் தெரியும். கிலோவுக்கு 50 கிராம் ஈரக் கழிவு என்று நான் எடையில் கழித்துக்கொண்டிருந்தேன். நண்டு காய்ந்திருந்தாலும் கழிவு உண்டு. கொண்டுவருகிற பெண்கள் ஒன்றும் கேட்க மாட்டார்கள், எல்லாக் கடையிலும் அப்படித்தான் என்று விட்டுவிடுவார்கள். மறுநாளே நிறுத்தினேன். ஒரு அக்கா தராசைப் பார்த்துவிட்டு, "தம்பி, கழிக்க மறந்துட்டியே" என்று அவரே ஞாபகப்படுத்தினார். எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்கள்.

மறைக்காமல் சொல்கிறேன், பொங்கலுக்குப் பிறகு பழையபடி கழிக்கத் தொடங்கிவிட்டேன். கூட்டாளி சண்டை போட்டார், ஐஸ் விலையும் கூடியது, நானும் இறங்கிப் போனேன். இந்த டிசம்பர் 1 முதல் மறுபடி நிறுத்தியிருக்கிறேன். இந்தத் தடவை கூட்டாளியிடம் முன்கூட்டியே பேசிவிட்டேன். பொங்கல் தாண்டி நிற்க எனக்காக ஒரு செபம் சொல்லுங்கள்.

வடகடல் | டிசம்பர் 8, இரவு 7.45

நண்டுக்கடை அண்ணனுக்கு என் செபம் உண்டு. அந்த 50 கிராம் எங்கள் வீட்டுப் பெண்களுடையது, அதனால் கட்டாயம் உண்டு.

என் கேள்விக்கும் ஒரு வழி கிடைத்தமாதிரி இருக்கிறது. போன சனிக்கிழமை இரவு வலை இறக்குவதற்கு முன், படகில் இருந்த நாலு பேரும் செபமாலையில் ஒரு பத்து மணி மட்டும் சொன்னோம். கூட வந்த ஒரு தம்பி இந்து, அவனும் எஞ்சினை அணைத்துவிட்டுப் பேசாமல் எங்களோடு உட்கார்ந்திருந்தான். அவ்வளவுதான், பெரிதாக ஒன்றும் இல்லை.

அக்கரை நினைவு | டிசம்பர் 14, இரவு 10.05

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

அக்டோபரில் கடலுக்குப் போன என் வீட்டுக்காரரை எல்லை தாண்டியதாகச் சொல்லிப் பிடித்துக்கொண்டு போனார்கள். அக்கரையில், இலங்கைச் சிறையில் இருக்கிறார். 14 நாளுக்கு ஒருமுறை காவலை நீட்டிக்கிறார்கள். எங்கள் வீட்டுக் காலண்டரில் ஞாயிறை விட அந்தத் தேதிகள்தான் வட்டம் போட்டிருக்கின்றன. புயலின்போது அங்கே ஊரெல்லாம் வெள்ளம் என்று செய்தியில் பார்த்தும் நான்கு நாள் எந்தத் தகவலும் இல்லை.

இன்று மகிழ்ச்சி ஞாயிறாம். நற்செய்தி என்ன தெரியுமா? யோவான் சிறையில் இருக்கிறார். "வரவிருப்பவர் நீர்தாமா, அல்லது வேறொருவரை எதிர்பார்க்க வேண்டுமா?" என்று ஆள் அனுப்பிக் கேட்கிறார். இயேசு பதில் சொல்கிறார்: பார்வையற்றோர் பார்க்கின்றனர், கால் ஊனமுற்றோர் நடக்கின்றனர், தொழுநோயாளர் நலமடைகின்றனர், காது கேளாதோர் கேட்கின்றனர், இறந்தோர் எழுகின்றனர், ஏழைகளுக்கு நற்செய்தி. நான் விரல்விட்டு எண்ணினேன். சிறைப்பட்டோருக்கு விடுதலை என்பது அதில் இல்லை. எசாயா புத்தகத்தில் அது இருக்கிறது, நாசரேத்தில் இயேசுவே அதை வாசித்தார். சிறையில் இருக்கிற யோவானுக்குப் பதில் அனுப்பும்போது மட்டும் அதைச் சொல்லவில்லை. யோவானை அவர் வெளியே எடுக்கவும் இல்லை.

பூசை முடிந்து எல்லாரும் போனபிறகும் உட்கார்ந்திருந்தேன். ரோஸ் உடுப்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை. யாராவது பதில் தெரிந்தால் சொல்லுங்கள்.

உபதேசியார் பேரன் | டிசம்பர் 14, இரவு 11.30

அக்கா, என்னிடம் பதில் இல்லை. பதில் இருப்பதுபோல எழுதினால் அது பொய்யாகிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவ்வளவு பெரிய யோவானுக்கே சந்தேகம் வந்தது, அதை அவர் மூடிவைக்கவில்லை, நேரே இயேசுவிடமே கேட்டு அனுப்பினார். இயேசு கோபப்படவில்லை. கேட்டவர்கள் போனபிறகு, பெண்களிடம் பிறந்தவர்களில் யோவானைவிடப் பெரியவர் யாருமில்லை என்றார். நீங்கள் இன்று கேட்டது அதே கேள்வி. மகிழ்ச்சி ஞாயிறில் அதைக் கேட்கக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் திருச்சபையே இந்த ஞாயிறுக்கென்று அந்தக் கேள்வியைத்தான் எடுத்து வைத்திருக்கிறது.

டிசம்பர் 17 முதல் 23 வரை மாலைச் செபத்தில் நாளுக்கு ஒரு அழைப்பு உண்டு, ஒவ்வொன்றும் 'ஓ' என்று தொடங்கும். ஓ ஞானமே, ஓ ஆண்டவரே, ஓ ஈசாயின் தளிரே என்று போகும். நான்காவது நாள், 20ஆம் தேதி, "ஓ தாவீதின் திறவுகோலே." அதில் கேட்பது இது: வாரும், சிறையில் கட்டுண்டிருப்பவரை, இருளில் இருப்பவரை வெளியே கொண்டுவாரும். ஆயிரம் ஆண்டுக்கு மேலாக இதைப் பாடிவருகிறார்கள். அந்த நற்செய்தியில் விட்டுப்போனது என்று நீங்கள் எண்ணியதை, ஆறு நாள் கழித்துத் திருச்சபை வாய்விட்டுக் கேட்கிறது. 20ஆம் தேதி சனிக்கிழமை எங்கள் அன்பியத்தார் (எங்கள் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களின் செபக்குழு) உங்கள் வீட்டுக்கு வரலாமா? தனிச்செய்தியில் வீட்டு அடையாளம் சொன்னால் போதும்.

பனையோலை | டிசம்பர் 15, காலை 6.00

அக்கா, நானும் வருகிறேன். அகலையும் கொண்டுவருகிறேன்.

வடகடல் | டிசம்பர் 15, காலை 9.40

சனிக்கிழமை நான் கடலில் இருப்பேன். வெள்ளி மாலை என் வீட்டுக்காரி மீனோடு வருவாள். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள் தங்கச்சி, அவளுக்கும் உங்களோடு உட்கார்ந்திருக்க வேண்டுமாம்.

தெற்குவாடி மகள் | டிசம்பர் 17, மாலை 4.30

மகள் விஷயம் எழுதுகிறேன். குடிலுக்குப் புல் வேண்டும் என்று ஒரு சட்டியில் கடல் மண்ணோடு எரு கலந்து கேழ்வரகு விதைத்தோம். முதல் மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, விரலால் மண்ணைக் கிளறப் போனாள். கிளறினால் செத்துப்போகும் என்றேன். "அப்ப நான் என்னதான் செய்யிறது?" என்றாள். தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். நான்காம் நாள் நூல் மாதிரி வெள்ளையாக வெளியே வந்தது, இப்போது நான்கு விரல் உயரம்.

பாலனைக் கிடத்தும் முன்னணையில் வைக்கோலுக்கு மட்டும் பழைய வழக்கம். ஒரு நல்ல காரியத்துக்கு ஒரு வைக்கோல். இதுவரை பதினொன்று இருக்கிறது. அதில் ஒன்று என்னுடையது: வலை அறுந்த தகராறில் இரண்டு வருஷமாகப் பேசாமலிருந்த பக்கத்து வீட்டு மதினியிடம் போய்ப் பேசினேன். முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் வைக்கோலைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள் மகள்.

அக்கரை நினைவு | டிசம்பர் 21, காலை 7.15

நேற்று பதினாறு பேர் வந்திருந்தார்கள். இடம் போதாமல் திண்ணையிலும் உட்கார்ந்தார்கள். நான்கு அகலில் மூன்று எரிந்தது. 'தாவீதின் திறவுகோலே' சொல்லும்போது என் மகன் வீட்டுக்காரரின் சட்டையை மடியில் வைத்திருந்தான், யாரும் சொல்லவில்லை, அவனாக எடுத்து வந்தான். அடுத்த தேதி கிறிஸ்துமஸ் தாண்டித்தான். அவர் இல்லாமல்தான் இந்தப் பண்டிகை என்பது முடிவாகிவிட்டது. நட்சத்திரம் கட்ட வேண்டாம் என்று இருந்தேன். நேற்று எல்லாரும் போனபிறகு கட்டினோம்.

தனுஷ்கோடி வம்சம் | டிசம்பர் 22, மாலை 6.20

இன்று திங்கள், சந்தோஷ தேவரகசியம்தான். அம்மாச்சி எட்டு மணிக்குத் தொடங்குவார். கூடச் சொல்ல விரும்புகிறவர்கள் அவரவர் வீட்டில் சொல்லலாம் என்று சொல்லச் சொன்னார்.

தெற்குவாடி மகள் | டிசம்பர் 22, இரவு 9.10

சொன்னோம். மூன்றாவதிலிருந்து தொடங்கியதும் மகள் நிறுத்தி, "முதல் ரெண்டு?" என்றாள். அது அன்றைக்கே சொல்லியாயிற்று என்றேன். சரி என்று மணியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.